எடை குறைப்பு அறுவை சிகிச்சை: ஓராண்டு கடந்த பிறகே கூடுதல் கவனம் தேவை

எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவரைச் சந்தித்தால், “எத்தனை கிலோ குறைந்தது?” என்பதே பலரும் கேட்கும் முதல் கேள்வி. இப்போது என்ன சாப்பிடுகிறார், சத்து மாத்திரைகளை எடுத்துக்கொள்கிறாரா, கடைசியாக எப்போது ரத்தப் பரிசோதனை செய்தார் என்று கேட்பவர்கள் குறைவு. சிகிச்சையின் பலன் நிலைப்பது இந்தக் கேள்விகளுக்கான பதில்களைப் பொறுத்தே உள்ளது.

சிங்கப்பூரில் 2019-2020ல் 10.5 விழுக்காடாக இருந்த உடற்பருமன் விகிதம், 2021-2022ல் 11.6 விழுக்காட்டுக்கு உயர்ந்ததாகத் தேசிய மக்கள்தொகை சுகாதார ஆய்வு தெரிவித்தது. ‘பிஎம்ஐ’ எனப்படும் உடல் எடைக் குறியீடு 37.5 அல்லது அதற்கு மேல் இருப்போருக்கும், நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம் போன்ற நோய்களுடன் 32.5க்கு மேல் இருப்போருக்கும் அறுவை சிகிச்சை பரிந்துரைக்கப்படலாம். மருத்துவக் காரணங்களுக்காகச் செய்யப்படும்போது மெடிசேவ், மெடிஷீல்டு லைஃப் ஆகியவற்றைப் பயன்படுத்தலாம். அழகுக்காகச் செய்வதற்கு அவை பொருந்தா.

இரைப்பையில் என்ன மாறுகிறது?

பரவலாகச் செய்யப்படும் அறுவை சிகிச்சைகள் இரண்டு. ‘ஸ்லீவ்’ முறையில் இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பகுதி அகற்றப்பட்டு, வாழைப்பழ வடிவில் ஒரு குழாய் மட்டும் எஞ்சும். பசியைத் தூண்டும் ‘கிரெலின்’ என்ற இயக்குநீர் பெரும்பாலும் அகற்றப்படும் பகுதியில்தான் சுரக்கிறது. அதனால் பசியும் குறைகிறது.

‘பைபாஸ்’ முறையில் இரைப்பையின் மேற்பகுதியில் ஏறக்குறைய 30 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு பை உருவாக்கப்பட்டு, அது நேராகச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியுடன் இணைக்கப்படும். இரும்பு, கால்சியம் போன்ற சத்துகள் உறிஞ்சப்படும் குடலின் முற்பகுதியை உணவு தொடாமலேயே கடந்துவிடும்.

முதல் இரண்டு மாதங்கள்

தொடக்கத்தில் தெளிந்த நீராகாரம், அடுத்து பால், புரதப் பானம், வடிகட்டிய சூப், பிறகு மசித்த உணவு, அதன் பின் மென்மையான உணவு என்று படிப்படியாகச் செல்ல வேண்டும். வழக்கமான உணவுக்குத் திரும்ப ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகலாம். ஒவ்வொரு கட்டமும் எத்தனை நாள் என்பதை மருத்துவமனையின் உணவியல் நிபுணர் முடிவுசெய்வார்.

ஒரு வாய் உணவை 20 முதல் 30 முறை மென்று, மெதுவாகச் சாப்பிட வேண்டும். சாப்பிடும்போதும் அதற்குப் பிறகு அரை மணி நேரத்திற்கும் தண்ணீர் குடிக்கக்கூடாது. மற்ற நேரங்களில் சிறிது சிறிதாக நாளுக்கு ஒன்றரை லிட்டர் வரை குடிப்பது அவசியம்.

காய்ச்சல், வேகமான இதயத்துடிப்பு, தணியாத வயிற்று வலி, தண்ணீர்கூட உள்ளே தங்காத வாந்தி ஆகியவற்றில் எது இருந்தாலும் அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இட்லி போதுமா?

பலருக்கும் நாளுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் தேவை. இரண்டு இட்லியில் கிடைப்பது ஏறக்குறைய 4 கிராம்தான். ஒரு முட்டையில் 6 கிராமும், சமைத்த மீன் 100 கிராமில் 20 கிராமுக்கு மேலும் உள்ளது. சோறும் தோசையும் முதலில் வயிற்றை நிரப்பிவிட்டால் புரதத்திற்கு இடமிருக்காது. எனவே மீன், கோழி, முட்டை, பருப்பு, தவ்குவா, தயிர் ஆகியவற்றை முதலில் உண்டு, அடுத்து காய்கறி, கடைசியாகச் சோறு என்று வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது.

புக்கிட் பாத்தோக் காப்பிக்கடைகளிலும் இதைப் பின்பற்ற முடியும். மீன் சூப்பில் மீனை முதலில் உண்ணலாம். கலவை சோற்றுக் கடையில் முட்டையும் தவ்குவாவும் வாங்கி, சோற்றை இரண்டு மூன்று கரண்டியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

தே தாரிக், குலாப் ஜாமூன், குளிர்பானம் போன்றவற்றில் எச்சரிக்கை தேவை. குறிப்பாக, பைபாஸ் செய்துகொண்டவர்களுக்குச் சர்க்கரை வேகமாகக் குடலில் இறங்குவதால் மயக்கம், வியர்வை, படபடப்பு, வயிற்றுப்போக்கு ஏற்படலாம். இதை மருத்துவர்கள் ‘டம்பிங்’ என்பர். சர்க்கரையில்லாத ‘தே ஓ கோசோங்’ கேட்டு வாங்கினாலும் அதனுடன் இரும்புச்சத்து மாத்திரையை விழுங்கக்கூடாது. இரும்பு உறிஞ்சப்படுவதைத் தேநீர் தடுக்கும். கால்சியம் மாத்திரைக்கும் இரும்பு மாத்திரைக்கும் இடையே இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும்.

தாமதமாகத் தெரியும் குறைபாடு

முதல் சில மாதங்களில் எல்லாரும் கவனமாக இருப்பார்கள். மூன்றாம் மாதத்திலிருந்து முடி உதிர்ந்தால் பயந்து மருத்துவரிடம் செல்வார்கள். பெரும்பாலோருக்கு அது தற்காலிகமானது. சிக்கல் வருவது ஓராண்டுக்குப் பிறகுதான். எடை குறைந்திருக்கும், உடை அளவு மாறியிருக்கும், நீரிழிவு மருந்தும் சிலருக்குக் குறைக்கப்பட்டிருக்கும். “நன்றாகத்தானே இருக்கிறேன், இன்னும் எதற்கு மாத்திரை?” என்ற எண்ணம் அப்போதுதான் தோன்றும்.

வைட்டமின் பி12 விஷயத்தில் இந்த எண்ணம் ஆபத்தானது. உடல் அச்சத்தைக் கல்லீரலில் சேமித்து வைத்திருப்பதால், மாத்திரையை நிறுத்திய உடனே எதுவும் தெரியாது. கையிருப்பு தீர்ந்த பிறகு சோர்வு, கைகால் மரத்துப்போதல், மறதி, தள்ளாட்டம் ஆகியவை தலைகாட்டும். நரம்புப் பாதிப்பு நீடித்தால் முழுமையாகச் சரியாகாமல் போகலாம். இறைச்சி, மீன், முட்டை, பால் பொருள்களில்தான் பி12 இயற்கையாகக் கிடைக்கிறது. எனவே சைவ உணவு உண்போர் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டிய பழக்கம்.

புக்கிட் பாத்தோக் குடியிருப்பாளர்களுக்கு இங் டெங் ஃபோங் பொது மருத்துவமனை ஒரு ரயில் நிறுத்தத் தொலைவில், ஜூரோங் ஈஸ்ட்டில் உள்ளது. வட்டாரத்திலேயே 2020ல் திறக்கப்பட்ட பலதுறை மருந்தகமும் இருக்கிறது. எந்த மருந்தகத்துக்குச் சென்றாலும் அறுவை சிகிச்சை பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். ஐபுபுரோஃபன் போன்ற வலிநிவாரணிகள், குறிப்பாக பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு, இரைப்பைப் புண்ணை உண்டாக்கலாம். கர்ப்பம் தரிக்க விரும்பும் பெண்கள் 12 முதல் 18 மாதங்கள் காத்திருக்குமாறு அறிவுறுத்தப்படுகிறார்கள்.

வீட்டாருக்கும் பங்குண்டு

நம் வீடுகளில் அன்பு பெரும்பாலும் தட்டில்தான் பரிமாறப்படுகிறது. “இன்னொரு தோசை வைக்கட்டுமா?” என்று கேட்கும் அம்மாவுக்கும், கல்யாணப் பந்தியில் “என்னக்கா, ஒன்றுமே சாப்பிடவில்லையே?” என்று விசாரிக்கும் உறவினருக்கும் நல்ல மனம்தான். ஆனால், சில மாதங்கள் கழிந்த பிறகும் ஒரு வேளைக்கு அரை முதல் ஒரு கிண்ணம் உணவே போதுமான ஒருவருக்கு அந்த உபசரிப்பு வாந்தியில் முடியலாம். சிறிய தட்டில், அவர் கேட்கும் அளவை மட்டும் வையுங்கள். புரட்டாசிச் சனிக்கிழமை, தைப்பூசம், நோன்பு மாதம் என விரதம் இருக்க விரும்பினால் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசுவது அவசியம்.

சிகிச்சை முடிந்து ஓராண்டு கடந்த ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், எடை எவ்வளவு என்று கேட்பதைவிட, “இந்த ஆண்டு ரத்தப் பரிசோதனை ஆயிற்றா?” என்று கேளுங்கள்.