உங்களுக்குத் தெரியுமா? - 9 எம்.எம். பிஸ்டல்

● இந்திய ராணுவமும் காவல்துறையும் பல்லாண்டுகளாகப் பயன்படுத்திவரும் ‘பிஸ்டல் ஆட்டோ 9 எம்.எம். 1ஏ’, மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலைத் தயாரிப்பு. ஆனால் அதன் பூர்வீகம் பெல்ஜியம். உலகம் ‘பிரவுனிங் ஹை-பவர்’ என்று அறிந்த துப்பாக்கிதான் இது.

● இதை வடிவமைக்கத் தொடங்கிய அமெரிக்கர் ஜான் பிரவுனிங், 1926-ல் பெல்ஜியத்தின் எஃப்.என். ஆலையில் வேலையில் இருந்தபோதே மாரடைப்பால் இறந்தார். பாதியில் நின்றதை முடித்தவர் அதே ஆலையின் தியூதொன்னே சைவ். 1935-ல் துப்பாக்கி வெளிவந்தது. தோட்டாக்களை இரட்டை வரிசையாக அடுக்கும் மேகசின் இதன் பெருமை. அமெரிக்க ராணுவத்தின் அன்றைய .45 பிஸ்டலின் மேகசினில் 7 தோட்டா, இதில் 13. அப்படியும் கைப்பிடி கைக்கு அடங்குகிறது. அதுதான் சைவின் சாமர்த்தியம்.

● இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி அந்த ஆலையைக் கைப்பற்றித் தன் படைக்கு இந்தத் துப்பாக்கியைச் செய்துகொண்டது. அதே காலத்தில் கனடாவின் டொரான்டோவில் இங்லிஸ் கம்பெனி நேச நாடுகளுக்காக இதையே தயாரித்தது. எதிரெதிர் அணிகளின் கையில் ஒரே துப்பாக்கி! நம் இச்சாப்பூர் பிஸ்டல் கனடா வழி வந்தது.

● இது ‘செமி ஆட்டோமேட்டிக்’ ரகம். அப்படியென்றால் குண்டுமழை அல்ல. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரே குண்டு. அடுத்த தோட்டா தயாராவது மட்டும் தானாக நடக்கும். எப்படி? குண்டு முன்னே பாயும்போது, மேலே உள்ள ஸ்லைடும் குழலும் ஒன்றையொன்று பற்றியபடி பின்னோக்கி நகரும். சில மில்லிமீட்டர் போனதும் குழலின் பின்பகுதி கீழே இறங்கி, பிடி விட்டுவிடும். ஸ்லைடு மட்டும் தொடர்ந்து பின்னே போய், காலிக் கூட்டை வெளியே வீசி, சுத்தியலையும் சாய்த்துவிடும். பிறகு ஸ்பிரிங் ஸ்லைடை முன்னே தள்ள, போகிற போக்கில் மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவைக் குழலுக்குள் செருகிவிடும். எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில்! குழல் இறங்கிப் பிடிவிடும் இந்த உத்தி பிரவுனிங்குடையது. இன்றைய பெரும்பாலான ராணுவ பிஸ்டல்களும் இதையே பின்பற்றுகின்றன.

● சினிமாவில் தோட்டா தீர்ந்த வில்லன் ‘க்ளிக், க்ளிக்’ என்று விசையை இழுப்பான். ரிவால்வரில் அது சரி. இத்தகைய பிஸ்டலில் கடைசித் தோட்டா போனதும் ஸ்லைடு பின்னாலேயே நின்றுவிடும். காலி என்பது பார்த்தாலே தெரியும்.

● இதன் தோட்டா 9×19. 1902-ல் ஜார்ஜ் லூகர் உருவாக்கியது. 9 என்பது குண்டின் விட்டம், 19 என்பது கூட்டின் நீளம், இரண்டும் மில்லிமீட்டரில். குண்டு சுமார் 8 கிராம்தான். வேகமோ பெரும்பாலும் ஒலியை மிஞ்சும். அதனால்தான் சைலன்சர் மாட்டினாலும் குண்டு காற்றைக் கிழிக்கும் ‘படார்’ ஓசை போவதில்லை.

● 9 எம்.எம். எல்லாம் ஒன்றல்ல. 1948 ஜனவரி 30 அன்று காந்தியடிகளின் உயிரைப் பறித்த இத்தாலியப் பெரெட்டாவும் 9 எம்.எம். பிஸ்டல்தான். ஆனால் அதன் தோட்டாக்கூடு 17 மி.மீ. மட்டுமே. ரஷ்ய மக்கரோவுக்கு 18. ஒன்றுக்கு மற்றொன்றைப் போடக் கூடாது.

● இந்தியாவில் 9×19 தடைசெய்யப்பட்ட ரகம். சாதாரண லைசென்ஸில் கிடைக்காது.

● மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்று நம்பிவிடாதீர்கள். குழலுக்குள் ஏற்கெனவே ஏறிய ஒரு தோட்டா அங்கேயே இருக்கும். மேகசின் இல்லாவிட்டால் ஹை-பவர் சுடாது. ஆனால் பல பிஸ்டல்கள் சுடும். ஸ்லைடைப் பின்னே இழுத்து, குழலின் உட்புறத்தைக் கண்ணால் பார்க்கும்வரை எந்தத் துப்பாக்கியும் தோட்டா ஏறியதுதான் என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.