சவலைப் பிள்ளையும் சிசிலி வில்லியம்ஸும்

கைக்குழந்தைக்கு ஒரு வயது நிறையுமுன் தாய் மறுபடி கருவுற்றால், ‘மூத்தது சவலை பாயப் போகுது’ என்று பாட்டிமார் சொல்லிவிடுவார்கள். தாய்ப்பால் நின்று, கவனிப்பும் குறைந்து, எப்போதும் சிணுங்கிக்கொண்டு நோஞ்சானாகிப் போகும் பிள்ளைதான் சவலை. கானாவின் தலைநகரான அக்ராவில் வழங்கும் கா மொழியிலும் ஏறக்குறைய இதே பொருளில் ஒரு சொல் உண்டு: குவாஷியார்கர். அடுத்த பிள்ளை பிறந்ததும் மூத்ததைப் பிடிக்கும் நோய் என்று பொருள். அந்தச் சொல் உலக மருத்துவ நூல்களில் ஏறியதற்கு ஒரு குழந்தை மருத்துவரின் காது காரணம்.

சிசிலி வில்லியம்ஸ் 1893இல் ஜமைக்காவில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் படித்து 1923இல் மருத்துவரானார். 1929இல் ஆங்கிலேயர் ஆண்ட கோல்ட் கோஸ்டுக்கு, அதாவது இன்றைய கானாவுக்கு, பணிக்குச் சென்றார். அங்கே பால்குடி மறந்த ஒன்றிலிருந்து நான்கு வயதுக் குழந்தைகள் ஒரே மாதிரி வந்தார்கள். கால் வீங்கியிருக்கும், வயிறு உப்பியிருக்கும், முடி செம்பட்டையாகும், தோல் கருத்து உரியும். இறந்த குழந்தைகளின் கல்லீரலில் கொழுப்பு மண்டியிருந்தது. இதற்கு என்ன பெயர் என்று அவர் உள்ளூர்ப் பெண்களைக் கேட்டார். கிடைத்த பதிலிலேயே காரணமும் இருந்தது. தாய்ப்பால் நின்ற பிள்ளைக்குக் கிடைத்தது பெரும்பாலும் மக்காச்சோளக் கூழ். அதன் புரதத்தில் லைசின், டிரிப்டோபேன் ஆகிய அமினோ அமிலங்கள் குறைவு.

1933இல் அவர் எழுதிய கட்டுரையைப் பெரிய மருத்துவர்கள் ஏற்கவில்லை; இது பழைய பெலாக்ரா நோய்தான் என்றார்கள். பெலாக்ராவில் தோல் பாதிப்பு வெயில் படும் இடங்களில் வரும்; இங்கே அப்படியில்லை. 1935இல் ‘லான்செட்’ இதழில் மீண்டும் எழுதியபோது, தாய்மார் சொன்ன பெயரையே தலைப்பில் வைத்தார். அவருடைய கண்டுபிடிப்பில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். தன் பெயரைச் சூட்டிக்கொள்ள அவருக்கு வாய்ப்பு இருந்தது.

மேலதிகாரியோடு மோதல், 1936இல் மலாயாவுக்கு மாற்றல். அங்கே டின் பால் வியாபாரம் கொடிகட்டிப் பறந்தது. நர்ஸ் உடை அணிந்த பெண்கள், சர்க்கரை கலந்த கெட்டிப்பாலை வாங்கச் சொல்லித் தாய்மாரை வற்புறுத்தினார்கள். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் அவர் பேசிய உரையின் தலைப்பு ‘பாலும் கொலையும்’. பின்னர் ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்தபோது சாங்கி சிறை முகாமில் அடைபட்டார். 1948இல் உலக சுகாதார நிறுவனம் தாய்சேய் நலப் பிரிவைத் தொடங்கியபோது அதன் முதல் தலைவரானார். 1992இல், 98 வயதில் மறைந்தார்.

ஆனால் நோயின் கதை அவரோடு முடியவில்லை. புரதக் குறைவுதான் காரணம் என்று உலகமே நம்பியிருந்த காலத்தில், சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து விஞ்ஞானி சி. கோபாலன் ஐதராபாத்தில் ஓர் உண்மையைக் கவனித்தார். ஒரே வகை உணவு உண்ணும் குழந்தைகளில் சிலர் எலும்பும் தோலுமாக மராஸ்மஸுக்கு ஆளாகிறார்கள். சிலருக்கோ உடல் வீங்குகிறது. பட்டினிக்கு ஏற்ப உடல் தன்னைப் பழக்கிக்கொள்ள முடியாமல் போவதே இந்த வீக்கம் என்றார் அவர். 2013இல் மலாவி நாட்டு இரட்டைக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு, குடலில் வாழும் நுண்ணுயிரிகளுக்கும் இதில் பங்குண்டு எனக் காட்டியது. ஒரே வீடு, ஒரே சாப்பாடு. இருந்தும் ஒன்றுக்கு வந்தது, மற்றதற்கு வரவில்லை. முழு விடை இன்னும் கிடைக்கவில்லை. மருத்துவமனையில் இன்று புரதம் குறைவான பாலையும் ஆன்டிபயாட்டிக்கையும் கொடுத்துத்தான் சிகிச்சையைத் தொடங்குகிறார்கள்.

இந்த வீக்கம் கண்ணை ஏமாற்றும். நீர் கோத்த கன்னத்தைப் பார்த்துப் பிள்ளை தேறிவிட்டது என்று நினைத்துவிடுவோம். சந்தேகமிருந்தால் குழந்தையின் இரண்டு பாதங்களின் மேற்புறத்திலும் கட்டைவிரலால் மூன்று விநாடி மெல்ல அழுத்திப் பாருங்கள். விரலை எடுத்த பிறகும் இரண்டிலும் குழி நின்றால், அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோய்விடுங்கள்.