முதுகுக்கு ஏற்ற பை

ஒரு நாள் நடையாக மலைக்குப் போய், அந்தி சாய்வதற்குள் இறங்கிவிட எண்ணுகிறவர்கள், காலணி வாங்குவதில் காட்டுகிற சிரத்தையில் பாதியைக்கூட முதுகில் ஏறப்போகிற பையின் விஷயத்தில் காட்டுவதில்லை. வீட்டில் பிள்ளையின் பள்ளிக்கூடப் பை சும்மா கிடந்தால் அதையே எடுத்து மாட்டிக்கொண்டு வெள்ளியங்கிரிக்கோ, சதுரகிரிக்கோ, கொல்லிமலை ஆகாய கங்கைக்கோ கிளம்பிவிடுகிறார்கள். முதல் ஒரு மணி நேரம் அந்தப் பை ஒரு தொந்தரவும் தராது. அதன் பிறகு, வார் அழுந்துகிற இடத்தில் ஓர் எரிச்சலும், கழுத்தின் பின்புறத்தில் ஓர் இறுக்கமும், அடிக்கு அடி பை இடமும் வலமுமாக ஆடுவதால் இடுப்பில் ஓர் அலுப்பும் தோன்றி, சுற்றிலும் உள்ள சோலையையும் பள்ளத்தாக்கையும் பார்க்கவிடாமல் மனிதரைத் தரையையே பார்த்து நடக்கும்படி செய்துவிடுகின்றன. இந்தத் துன்பத்துக்குக் காரணம் சுமையின் கனம் என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். ஆனால் ஐந்தாறு கிலோ என்பது தேக ஆரோக்கியம் உள்ள ஒருவருக்குப் பெரிய பாரமே அல்ல; அந்தக் கனம் சரீரத்தின் எந்த உறுப்பின்மேல் இறங்குகிறது என்பதுதான் பிரதானமான கேள்வி.

மனித சரீரம் பாரம் சுமப்பதற்கு நன்றாகவே அமைந்திருக்கிறது. தலையில் சும்மாடு கூட்டி விறகுக் கட்டையும் நெல் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு, வரப்பு வழியே கைவீசி நடந்தவர்களை நம் கிராமங்கள் நன்கு அறியும். அவர்களுடைய சுமை முதுகெலும்பின் அச்சிலேயே நேராக இறங்கி, இடுப்பெலும்பின் வழியாகக் கால்களுக்குப் போய்ச் சேர்ந்ததால், உடலை முன்னும் பின்னும் இழுத்துப் பிடித்துச் சமநிலை காக்கிற வேலை தசைகளுக்கு அதிகம் இருக்கவில்லை. நேபாளத்து மலைப்பாதைகளில், 'டோகோ' என்ற மூங்கில் கூடையை முதுகில் சார்த்தி, 'நாம்லோ' என்ற பட்டையை உச்சந்தலையின் முன்பக்கத்தில் மாட்டிச் சுமக்கிற சுமைக்காரர்களைப் பற்றி 2005ஆம் ஆண்டு 'சயன்ஸ்' சஞ்சிகையில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தது. அவர்களில் ஆண்கள் சராசரியாகத் தங்கள் எடையில் 93 சதவீதமும், பெண்கள் 66 சதவீதமும் சுமந்தார்கள் என்பதும், அதற்கு அவர்கள் செலவிட்ட சக்தி முதுகுப்பை சுமக்கும் ஐரோப்பியர் செலவிடுவதைவிடக் குறைவு என்பதும் அதில் கண்ட விவரங்கள். இளமை முதல் பழகிய கழுத்துக்குத்தான் அந்த வித்தை வசப்படும். பழகாதவர்களாகிய நமக்கு இடுப்பெலும்பு ஒன்றே நம்பத்தக்க ஆதாரம்.

இந்த உண்மை பை செய்கிறவர்களுக்குப் புலப்பட வெகுகாலம் ஆயிற்று. 1991ஆம் ஆண்டு ஆல்ப்ஸ் மலையில், இத்தாலி - ஆஸ்திரியா எல்லையருகே, பனிக்குள்ளிருந்து வெளிப்பட்ட, ஏறக்குறைய 5,300 ஆண்டுகளுக்கு முற்பட்ட 'ஓட்ஸி' என்னும் மனிதனின் உடலுக்கு அருகே, வளைத்த ஹேசல் மரக் கழி ஒன்றும் இரண்டு லார்ச் மரப் பலகைகளும் கிடைத்தன; அவை முதுகுச் சுமையின் சட்டமாக இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள். அத்தனை பழமை வாய்ந்த இந்தச் சாதனத்துக்கு, முதுகின் வளைவை ஒட்டியே வளைந்த சட்டத்தைப் பூட்டி, 1909ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றவர் நார்வே தேசத்து ஓலே பெர்கன். ஆனாலும் பாரம் தோளிலேயே தொங்கிற்று. 1950களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவைச் சேர்ந்த டிக் கெல்ட்டி, சியரா நெவாடா மலையில் நண்பருடன் நடந்து செல்கையில், பையின் மரச்சட்டத்துடைய கீழ் நுனிகளைக் கால்சட்டையின் பின்பைகளுக்குள் செருகிப் பார்த்தபோது, தோளின் பாரம் சட்டென்று குறைந்து இடுப்புக்கு இறங்கிவிட்டதாம். அவர் 1952இல் அலுமினியக் குழாய்ச் சட்டமும் இடுப்பு வாரும் உள்ள பைகளைத் தம் வீட்டிலேயே செய்து விற்கத் தொடங்கினார். இன்று கடையில் காணும் நல்ல முதுகுப்பை ஒவ்வொன்றும், அந்தக் கால்சட்டைப் பையில் செருகிய கட்டைக்கு ஏதோ ஒருவகையில் கடன்பட்டது.

தோள் ஏன் சுமைக்கு உகந்த இடமல்ல என்பதைச் சரீர சாஸ்திரம் தெளிவாகச் சொல்கிறது. காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையிலுள்ள குறுகிய சந்து வழியாகத்தான் கைக்குப் போகிற நரம்புக் கற்றையும் ரத்தக் குழாய்களும் செல்கின்றன. ஒடுங்கிய வாரில் பெரும் பாரத்தைத் தொங்கவிட்டு நாள் முழுவதும் நடந்தால், அந்த நரம்புகள் நசுங்கி, விரல்கள் மரத்துப்போவது முதல் கை தூக்க முடியாமற்போவது வரை நேரக்கூடும். ராணுவ வீரர்களிடையே காணப்பட்ட இந்த வியாதிக்கு வைத்திய நூல்களில் முதுகுப்பையின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். இடுப்பெலும்போ உடலிலேயே கெட்டியான எலும்புகளுள் ஒன்று; அதன் மேல்விளிம்பில் அகலமான பட்டி ஒன்று இறுக உட்கார்ந்தால், சுமையின் கணிசமான பங்கு தோளைத் தொடாமலே காலுக்குப் போய்விடுகிறது.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்தறிய வேண்டும். இருபது லிட்டருக்கும் குறைவான சிறு பைகளில் உள்ள விரற்கடை அகல நாடா, பை ஆடாமல் பிடித்துக்கொள்வதற்கு மட்டுமே பயன்படும். அது சுமை தாங்காது, தாங்கவும் தேவையில்லை. மூன்று நான்கு கிலோவுக்கு உட்பட்ட சுமைக்கு நல்ல தோள் வாரே போதும். அதற்கு மேல் போகிறவர்களுக்குத்தான், முதுகுப் பக்கத்தில் விறைப்பான தகடோ கம்பியோ வைத்து, பஞ்சு பொதிந்த இடுப்புப் பட்டி சேர்த்த பை அவசியமாகிறது. தகடில்லாத பையில் தடித்த பட்டி மட்டும் இருந்து பயனில்லை. பாரத்தை அந்தப் பட்டிக்குக் கொண்டுவந்து சேர்க்க விறைப்பான ஒன்று நடுவில் இருந்தாக வேண்டும்.

பை தேடிக் கடைக்குப் புறப்படுமுன் முதுகை அளக்க வேண்டும் என்பது நான் எல்லோரிடமும் வற்புறுத்துகிற காரியம். உயரத்தைக் கொண்டு முதுகைக் கணிக்கக் கூடாது. ஆறடி மனிதருக்குக் கால் நீண்டு முதுகு குறுகியிருப்பதும், குள்ளமானவருக்கு முதுகு நீண்டிருப்பதும் சர்வ சாதாரணம். தலையை முன்னே கவிழ்த்தால் கழுத்தும் முதுகும் சேருமிடத்தில் ஓர் எலும்பு முண்டாகத் தட்டுப்படும். அதுவே ஏழாவது கழுத்து முள்ளெலும்பு. பிறகு இரு கைகளையும் இடுப்பில் ஊன்றி, கட்டைவிரல்கள் பின்பக்கம் நோக்கும்படி வைத்து, விலாவுக்குக் கீழே அழுத்தினால் இடுப்பெலும்பின் விளிம்பு தென்படும்; இரண்டு கட்டைவிரல்களையும் இணைக்கிற கோடு முதுகெலும்பைச் சந்திக்கிற இடத்திலிருந்து அந்தக் கழுத்து முண்டு வரை, தையற்காரர் நாடாவை முதுகின் வளைவோடு ஒட்டிப் பிடித்து இன்னொருவர் அளக்க வேண்டும். பெரியவர்களுக்கு இது பெரும்பாலும் 38 சென்டிமீட்டருக்கும் 53 சென்டிமீட்டருக்கும் இடையில் அமையும். நல்ல பைகளில் இந்த அளவையே சிறிது, நடுத்தரம், பெரிது என்று குறித்திருப்பார்கள். சிலவற்றில் தோள் வாரை மேலும் கீழும் ஏற்றி இறக்கும் வசதியும் உண்டு. பையின் முதுகு அதிக நீளமாக இருந்தால் பட்டி இடுப்பெலும்பைத் தாண்டிப் பிட்டத்தில் நழுவும். குட்டையாக இருந்தால் பட்டி வயிற்றைப் பிடிக்கும், வார்கள் தோளைப் பின்னுக்கு இழுக்கும்.

பெண்களுக்கென்று தனியே செய்கிற பைகள் வெறும் வர்ண வித்தியாசம் என்று கருதுவது தவறு. அவற்றில் முதுகு குறுகியும், தோள் வார்கள் நெருங்கியும் மார்பை ஒதுங்கி வளைந்தும், இடுப்புப் பட்டி சரிந்த கோணத்திலும் வெட்டப்பட்டிருக்கும். ஒல்லியான தோளுள்ள ஆடவருக்கும் அவை சில வேளைகளில் கச்சிதமாகப் பொருந்துவதுண்டு.

தோள் வாரின் பஞ்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. விரலால் அழுத்தியதும் பழைய தலையணை போல அமுங்கிவிடுகிற பஞ்சு கடையில் சுகமாகத் தோன்றும். சுமை ஏறியதும் அது தட்டையாகி, வாரின் ஓரம் தோளை அறுக்கத் தொடங்கும். சற்று விறைப்பாக எதிர்த்து நின்று, விரலை எடுத்ததும் பழைய உருவுக்குத் திரும்புவதே உகந்தது. இரண்டு தோள் வார்களையும் இணைக்கிற மார்பு வார், காறை எலும்புக்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே இருந்தால் போதும். மூச்சு வாங்கும்போது இறுகும்படி அதைக் கட்டக் கூடாது. பல பைகளில் அந்த வாரின் கொக்கியிலேயே ஒரு சிறு ஊதல் அமைந்திருக்கும். ஒரு நிமிஷத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிஷம் நிறுத்தி, மறுபடி ஊதுவது ஆல்ப்ஸ் மலைக்காரரின் ஆபத்துக் குறி. வழி தவறியவருக்குத் தொண்டையைவிட அது நெடுநேரம் உழைக்கும்.

கொள்ளளவு எத்தனை என்ற கேள்வியைத்தான் ஜனங்கள் முதலில் கேட்கிறார்கள். எனக்கு அது பின்னால் வரவேண்டிய கேள்வியாகவே படுகிறது. அரை நாளுக்கு 15 முதல் 20 லிட்டர், முழு நாளுக்கு 20 முதல் 30 லிட்டர் என்பது பொதுவான கணக்கு. இரண்டு லிட்டர் தண்ணீர் இரண்டு கிலோ. கட்டுச்சோறும் பழமும் முக்கால் கிலோ. மழைச் சட்டை, கம்பளிச் சட்டை, டார்ச் விளக்கு, மருந்துப் பொட்டலம் எல்லாமாக ஒன்றரைக் கிலோ. பை தானே ஒரு கிலோ. ஆக ஐந்தேகால் கிலோ. ஒரு நாள் நடைக்குச் சுமை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமலிருப்பது நலம் என்று நடைப் பழக்கமுள்ளவர்கள் கொள்கிறார்கள். அறுபது கிலோ மனிதருக்கு இந்தக் கணக்கு பொருந்திவிடுகிறது. பெரிய பை வாங்கினால் அதை நிரப்பத்தான் கை போகும். நிரப்பாவிட்டாலும் உள்ளே சாமான்கள் உருண்டு அடியில் போய்ச் சேரும். பக்கவாட்டில் இழுத்துக் கட்டும் நாடா இருந்தால் இந்தக் குறை பெருமளவு நீங்கும்.

கனமான பொருள் முதுகை எவ்வளவு ஒட்டி இருக்கிறதோ அவ்வளவு நல்லது. சுமையின் மையம் முதுகெலும்பிலிருந்து 12 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதற்கும் 24 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதற்கும், எடை மாறாவிட்டாலும், உடலைப் பின்னுக்குச் சாய்க்கிற திருப்புவிசை இரு மடங்காகிறது. அதை ஈடுகட்ட உடல் முன்னே குனிகிறது, அந்தக் குனிவை இடுப்புத் தசைகள் மணிக்கணக்காகத் தாங்குகின்றன. ஆகையால் தண்ணீரை முதுகை ஒட்டி, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவிலும் சற்றுக் கீழேயும் வைத்து, இலேசான துணியை வெளிப்பக்கத்திலும் அடியிலும் வைப்பது முறை. வெயில் நாட்டாருக்கு இங்கே ஒரு தர்மசங்கடம் உண்டு. முதுகுக்கும் பைக்கும் நடுவே காற்றோட்டம் விடும்படி வலையை விறைப்பாக இழுத்துக் கட்டிய அமைப்பை 1984ஆம் ஆண்டு ஜெர்மனியின் டாய்ட்டர் நிறுவனம் கொண்டுவந்தது. அதனால் வியர்வை குறைகிறது, ஆனால் அதே காரணத்தால் சுமை சில சென்டிமீட்டர் பின்னுக்குத் தள்ளிப்போகிறது. அடிவாரத்தின் வெக்கையில் ஏறுகிறவர்கள் வலையைத் தேர்ந்தெடுப்பதே மேல் என்பது என் அபிப்பிராயம். பாறைகளில் கையூன்றி ஏறுகிறவர்களுக்கு முதுகோடு ஒட்டிய பையே பத்திரம்.

துணியின் கனத்தை டெனியர் என்ற கணக்கில் சொல்வார்கள். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். 210 டெனியர் நைலான் பாதை நடைக்குப் போதும். முட்புதரும் பாறையும் உள்ள வழியானால், அடிப்பாகமேனும் 420க்கு மேல் இருப்பது நல்லது. நீர் புகாத துணி என்று விற்கிறவர்கள் சொன்னாலும், தையல் துவாரங்களிலும் ஜிப் வழியாகவும் நீர் கசியும். தென்மேற்குப் பருவமழையில் நீலகிரியிலோ வால்பாறையிலோ நடக்கிறவர்கள், மேலே போர்த்தும் உறையோடு, உள்ளே ஒரு கெட்டியான பிளாஸ்டிக் பையையும் வைத்து அதற்குள் துணியைக் கட்டிவிட வேண்டும். துணியின் உட்புறம் பூசிய பாலியூரித்தேன் பூச்சு ஈரக்காற்றில் நாளடைவில் சிதைந்து, தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டி, செதில் செதிலாக உரியும்; கடற்கரை ஊர்க்காரர்கள் பையை நிழலில் நன்றாக உலர்த்தாமல் பரணில் போட்டால் இது வெகு சீக்கிரம் நேரும்.

கடையில் வெறும் பையை மாட்டிக் கண்ணாடி முன் நிற்பதனால் ஒன்றும் தெரியாது. கடைக்காரரிடம் கேட்டு ஐந்து கிலோ சாமானை உள்ளே வைத்து, எல்லா வார்களையும் முதலில் தளர்த்திவிட்டுப் பையை மாட்டி, இடுப்புப் பட்டியை எலும்பின் விளிம்பில் உட்காரவைத்து அதை முதலில் இறுக்கி, பிறகு தோள் வார்களை முதுகோடு பை ஒட்டும் அளவுக்கு மட்டும் இழுத்து, கடைசியில் மார்பு வாரைப் பூட்ட வேண்டும். இந்த வரிசை மாறினால் பாரம் தோளிலேயே தங்கிவிடும். அப்படியே அரை மணி நேரம் நடந்து, மாடிப்படி இருந்தால் ஏறி இறங்கி, முழங்காலை உயர்த்தினால் பட்டி தடுக்கிறதா, தலையை நிமிர்த்தினால் பின்னந்தலையில் பை இடிக்கிறதா, பையைக் கழற்றாமல் பக்கத்துத் தண்ணீர்ப் புட்டியை எடுத்து மறுபடி வைக்க முடிகிறதா என்று பார்க்கலாம். கழற்றிய பிறகு, வார் பையோடு சேருகிற இடங்களில் நெருக்கமான குறுக்குத் தையல் போட்டிருக்கிறதா என்று உள்ளே புரட்டிப் பார்ப்பதும், தோளில் சிவந்த கோடு விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதுமே பாக்கி. கோடு விழாமல், இடுப்பெலும்பின்மேல் மாத்திரம் இலேசாக அழுந்திய உணர்ச்சி இருந்தால், அந்தப் பைக்கு விலை பேசலாம்.