கல்லில் தங்கும் நைட்ரஜன்

நெய்வேலி என்றதும் பழுப்பு நிலக்கரியும் மின்சாரமும் நினைவுக்கு வரும். அந்த ஊரில் உரம் உருவான காலமும் உண்டு. 1956இல் நிறுவப்பட்ட நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம், சுரங்கத்தோடும் அனல்மின் நிலையத்தோடும் ஓர் உர ஆலையையும் நடத்தியது. 1966 முதல் அங்கு யூரியா உற்பத்தியானது. நிலக்கரியை வாயுவாக்கி ஹைட்ரஜனைப் பெற்றனர். காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிரித்தனர். இரண்டையும் இணைத்து அம்மோனியா ஆக்கி, அதிலிருந்து யூரியாவைச் செய்தனர். அந்த ஆலை பின்னாளில் மூடப்பட்டது. ஆயினும் யூரியா இல்லாத சாகுபடிப் பருவம் இன்று நம் வயல்களில் அரிது.

வயலில் இடும் நைட்ரஜனில் பாதிக்கும் குறைவான பங்கையே நெற்பயிர் எடுத்துக்கொள்கிறது. எஞ்சியது எங்கே போகிறது? யூரியா மண்ணில் சிதைந்து அம்மோனியம் அயனியாகிறது. அம்மோனியம் நேர்மின் சுமை உடையது. களிமண் துகளின் மேற்பரப்போ எதிர்மின் சுமை உடையது. எனவே மண் அதைப் பற்றிக்கொள்கிறது. காற்றோட்டமுள்ள மண்ணில் நைட்ரோசோமோனாஸ் முதலிய நுண்ணுயிரிகள் அம்மோனியத்தைப் படிப்படியாக நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட் எதிர்மின் அயனி. களிமண்ணால் அதைப் பிடித்துவைக்க இயலாது. பாசன நீரோடும் மழைநீரோடும் அது கீழிறங்கி நிலத்தடி நீரை அடைகிறது. குடியிருப்புகளின் கழிவுநீரும் மாட்டுத்தொழுவத்தின் கழிவும் இதே வழியில் நைட்ரஜனைச் சேர்க்கின்றன.

இவ்வாறு சேரும் நைட்ரஜன் ஏரியில் பாசியையும் ஆகாயத்தாமரையையும் பெருக்குகிறது. காரத்தன்மை மிகுந்த நீரில் அம்மோனியம், அம்மோனியாவாக மாறி மீன்களின் செவுள்களைத் தாக்குகிறது. நைட்ரேட் மிகுந்த கிணற்று நீரில் கலந்த பாலை உண்ணும் பச்சிளங் குழந்தைகளின் குருதி, உயிர்வளியைச் சுமக்கும் திறனை இழக்கிறது. உடல் நீலம் பாய்கிறது. இதனாலேயே குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட்டை மேல்வரம்பாக இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்துள்ளது.

கலங்கிய நீரைத் தேற்றாங்கொட்டையால் தெளியவைக்கும் வழக்கம் நம்மிடம் நெடுங்காலமாக உண்டு. அது மிதக்கும் துகள்களைப் படியச் செய்யும். கரைந்த அயனிகளை அகற்றாது. காய்ச்சுவதாலும் நைட்ரேட் நீங்காது. நீர் ஆவியாகிக் குறைவதால் அதன் செறிவு கூடவே செய்யும். கரைந்த அயனியைப் பிடிக்க வேறொரு பொருள் வேண்டும்.

அத்தகைய பொருள் ஒன்றுக்கு 1756இல் சுவீடன் நாட்டுக் கனிமவியலாளர் குரோன்ஸ்டெட் பெயரிட்டார். சூடேற்றியபோது அக்கல் கொதிப்பதுபோல் நீராவியை வெளியிட்டது. அதனால், கிரேக்க மொழியில் 'கொதிக்கும் கல்' என்று பொருள்படும் வகையில் 'சியோலைட்' என்றார். மராட்டிய மாநிலத்தின் புனே, நாசிக் பகுதிகளில் உள்ள எரிமலைப் பாறைகளின் குழிகளில் அழகிய சியோலைட் படிகங்கள் கிடைக்கின்றன.

சியோலைட்டின் சட்டகம் சிலிக்கன், அலுமினியம், ஆக்சிஜன் அணுக்களால் ஆனது. நான்கு நேர்மின் சுமைக்குரிய சிலிக்கனின் இடத்தில் மூன்று மட்டுமே உடைய அலுமினியம் அமரும்போதெல்லாம் சட்டகத்தில் ஓர் எதிர்மின் சுமை மிஞ்சுகிறது. அதை ஈடுசெய்யச் சோடியம், பொட்டாசியம், கால்சியம் ஆகிய அயனிகள் படிகத்தின் நுண்புழைகளில் தளர்வாகத் தங்கியிருக்கின்றன. அம்மோனியம் கரைந்த நீர் பாயும்போது அவை வெளியேற, அம்மோனியம் உள்ளே அமர்கிறது. இதுவே அயனிப் பரிமாற்றம். தாம்சன், வே என்னும் ஆங்கிலேயர் இருவர் இந்நிகழ்வை 1850இல் மண்ணில் கண்டு வெளியிட்டனர். அம்மோனியம் சல்பேட் கரைசலை மண்ணில் ஊற்றினால் அடியில் கால்சியம் சல்பேட் வடிந்தது! களிமண்ணின் இந்தப் பண்பே சியோலைட்டில் மேலும் செறிவாக அமைந்துள்ளது.

சியோலைட்டு வகைகளுள் கிளினாப்டிலோலைட் அம்மோனியத்தைப் பற்றுவதில் சிறந்தது. சோடியத்தையும் கால்சியத்தையும் விட அம்மோனியத்தை அது மிகுதியாக விரும்பும். நடைமுறையில் ஒரு கிராம் கல் சில மில்லிகிராம் முதல் ஏறத்தாழ 20 மில்லிகிராம் வரை அம்மோனிய நைட்ரஜனை ஏற்கிறது. இக்கல்லை நிரப்பிய கலன்களின் வழியே கழிவுநீரைச் செலுத்தும் நிலையம் 1970களின் இறுதியில் அமெரிக்காவின் டிரக்கி பகுதியில் இயங்கியது.

எனினும் எல்லா நைட்ரஜனுக்கும் இக்கல் மருந்தாகாது. நைட்ரேட்டைக் களிமண் தள்ளும் அதே காரணத்தால் சியோலைட்டும் தள்ளும். ஆகவே அம்மோனியம் நைட்ரேட்டாக மாறுமுன், கழிவுநீர் தோன்றும் இடத்திலேயே அதைப் பிடித்தாக வேண்டும். நைட்ரேட் கலந்துவிட்ட கிணற்றுக்கு வேறு வழிகளே உதவும். கந்தகத்தையும் சுண்ணாம்புக்கல்லையும் கலந்த படுகையில் வாழும் ஒருவகை நுண்ணுயிரி, கந்தகத்தை உணவாகக் கொண்டு, நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி விடுகிறது. அதனால் தோன்றும் அமிலத்தைச் சுண்ணாம்புக்கல் சமன்செய்கிறது.

மற்றொரு வரம்பு உப்பு. நம் கடலோர இறால் பண்ணைகளில் அம்மோனியாவைக் குறைக்கும் எனக் கருதி மூட்டை மூட்டையாகச் சியோலைட் இடுவதுண்டு. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 10 கிராம் சோடியம் உள்ளது. குட்டையில் அம்மோனியம் 1 மில்லிகிராம் என்று கொள்வோம். ஓர் அம்மோனியத்துக்கு எதிராக ஏறக்குறைய பத்தாயிரம் பங்கு சோடியம் போட்டியிடுகிறது. கல்லின் விருப்பம் அங்கே தோற்றுப்போகும். உவர்நீர்க் குட்டையில் கொட்டும் சியோலைட்டுக்குச் செலவிடும் பணத்தின் பெரும்பகுதி வீண் என்றே சொல்ல வேண்டும்; தீவனத்தை அளவோடு இடுவதே அங்கு முதல் மருந்து. நன்னீர் மீன் குட்டைக்கு இக்கணக்கு பொருந்தாது.

இந்த உப்பே வேறிடத்தில் துணையாகிறது. அம்மோனியத்தால் நிறைந்துவிட்ட கல்லைச் செறிந்த உப்புக் கரைசலால் கழுவினால், சோடியம் உள்ளே புக, அம்மோனியம் வெளியேறும். கல் மீண்டும் பயன்படும். கழுவாமல் வயலில் இட்டால், அம்மோனியத்தைப் பயிருக்குச் சிறிது சிறிதாக அளிக்கும் உரமாகவும் அது உதவும். நைட்ரஜனை அழிக்காமல் இடம் மாற்றுவதே இம்முறையின் இயல்பு என்பதால், நிறைந்த கல்லை என்ன செய்வது என்பதையும் முன்பே முடிவுசெய்தாக வேண்டும்.

மீண்டும் நெய்வேலிக்கு வருவோம். கிளினாப்டிலோலைட் பெரும்பாலும் எரிமலைச் சாம்பல், காரத்தன்மையுள்ள நீரோடு நெடுங்காலம் வினைபுரிந்ததால் உருவானது. அனல்மின் நிலையச் சாம்பலிலும் சிலிக்காவும் அலுமினாவும் நிறைந்துள்ளன. அதனைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியசில் வைத்தால், சில மணி நேரம் முதல் சில நாள்களில் சியோலைட் படிகங்கள் தோன்றும். இம்முறை 1985 முதல் அறிவியல் உலகம் அறிந்ததே. நெய்வேலிச் சாம்பலுக்கோ ஒரு தனிச்சிக்கல் உண்டு: பழுப்பு நிலக்கரியின் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. மிகுந்த கால்சியம் சியோலைட் படிகங்கள் உருவாவதைத் தடுக்கும். எனவே அச்சாம்பலை முதலில் அமிலத்தால் கழுவிச் சுண்ணாம்பை நீக்குவது நல்லது. கழுவிய அமில நீரையும், படிகமாக்கலில் மிஞ்சும் காரக் கரைசலையும் பாதுகாப்பாகக் கையாள்வதற்கான செலவையும் சேர்த்துக் கணக்கிட்ட பின்னரே, ஆய்வகத்தின் வெற்றி ஆலைக்கு வரும்.