நன்றியுள்ள நண்பனுக்குக் கைம்மாறு

ஜப்பான் நாட்டில் உயெனோ என்னும் பேராசிரியர் ஹாச்சிக்கோ என்ற நாயை வளர்த்து வந்தார். மாலை வேளையில் அது ஷிபுயா இரயில் நிலையத்திற்குச் சென்று அவரை எதிர்கொள்ளும். 1925 மே மாதத்தில் ஒருநாள் அவர் பணியிடத்திலேயே உயிர் நீத்தார். ஹாச்சிக்கோவோ 1935 மார்ச்சு 8ஆம் நாள் தான் மடியும்வரை, ஏறக்குறைய 10 ஆண்டுகள், அவருக்காக அங்கே காத்திருந்தது.

இத்தகைய அன்பை நம் இல்லங்களிலும் காண்கிறோம். பள்ளியினின்று திரும்பும் குழந்தையை முதலில் வரவேற்பது நாயன்றோ? தோபித்து நூலிலும், நெடுவழி சென்ற இளைஞன் தோபியாவுடன் ஒரு நாய் நடந்தது.

ஆனால் மீந்த சோறு மட்டும் இவ்வன்புக்குக் கைம்மாறாகாது. வெறிநோயின் அறிகுறிகள் தோன்றியபின் பிழைப்பவர் அரிதினும் அரிது. ஆகவே கால்நடை மருத்துவரிடம் ஆண்டுதோறும் நாய்க்குத் தடுப்பூசி போடுவிப்போம். எந்த நாய் கடித்தாலும், நம் வீட்டு நாயே கீறினாலும், காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவி, தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்வோம். மஞ்சளும் சுண்ணாம்பும் தடவுதல் வேண்டா.

முதுமையுற்ற நாயைத் தெருவில் விட்டுவிடும் கொடுமையும் நம்மிடையே ஒழிக. ஆண்டுக்கணக்கில் நம் வாயிலைக் காத்த உயிரை அதன் இறுதி நாள்களில் நாம் காப்பது கடமையேயன்றி, கருணையன்று.