துப்பாக்கிக் குழலின் ஆயுள்

ரயில் நிலையங்களிலும் ஆலை வாயில்களிலும் காவலர் தோளில் ரைபிள் தொங்குவதை நாம் காண்கிறோம். அதன் குழல் எஃகினால் ஆனது. எனினும் அதுவும் தேயும். குண்டின் உராய்வே அதைத் தேய்க்கிறது என்று எண்ணுகிறோம். உண்மையில் முதற்காரணம் வெப்பமே.

குழலின் உட்புறத்தில் சுருளாக ஓடும் வரிப்பள்ளங்கள் குண்டைச் சுழலச் செய்து நேரே செலுத்துகின்றன. இச்சாப்பூர்த் தொழிற்சாலை பல்லாண்டுகள் செய்துவந்த .303 ரைபிளில் இவை ஐந்து. 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. தோட்டா வெடித்ததும் எழும் கொதிவாயு இப்பள்ளங்களின் தொடக்கத்தையே முதலில் தாக்குகிறது. அங்கே எஃகு நுண்ணிய வெடிப்புகள் கண்டு அரிபடுகிறது.

மருந்தின் இயல்பும் இதிற் சேரும். முற்காலக் கார்டைட்டில் நைட்ரோகிளிசரின் 58 விழுக்காடு இருந்தது. அது குழலை விரைந்து அரித்தமையால் பின்னர் 30 விழுக்காடாகக் குறைத்தனர். நம் நீலகிரி அருவங்காட்டில் கார்டைட் ஆலை எழுந்ததும் ஏறத்தாழ அக்காலத்திலேதான்.

குழலை எப்போது மாற்றுவது? சுட்ட தோட்டாக்களின் எண்ணிக்கை மட்டும் விடையாகாது. ஆறவிட்டுச் சுட்ட குழல் நெடுநாள் உழைக்கும். ஓயாது சுட்டது விரைவில் தளரும். ஆதலால் முதலில் செம்புப் படிவை நீக்கி, திருகுகளை இறுக்கி, நல்ல தோட்டாக்களால் சுட்டுப் பார்த்தல் வேண்டும். அப்போதும் குறிகள் சிதறினாலோ, குண்டு பக்கவாட்டில் பாய்ந்து இலக்குத் தாளில் நீள்துளை இட்டாலோ, குழலை அளவுமானியால் சோதித்து மாற்றுவதே முறை.

நல்ல குழலைக் கழிப்பது பொருள் நட்டம். தேய்ந்ததை வைத்திருப்பதோ, காவலனுக்கும் அவன் அருகில் நிற்பவருக்கும் உயிராபத்து.