விடுபட்ட நான்கு வாரங்களின் கணக்கு

ஐஐடிக்கள் முன்னின்று நடத்தும் இணையவழிப் படிப்புத் திட்டமான என்பிடெல்லின் பாடங்களுக்குத் தேர்வுப் பதிவு முடியும் நாள் நெருங்கும்போதெல்லாம் கல்விப் பக்கத்துக்கு வரும் கடிதங்களில் ஒரே குழப்பம் இரண்டு வடிவங்களில் எழுகிறது. மூன்று நான்கு வாரங்கள் அசைன்மென்ட் அனுப்பாமல் விட்டுவிட்ட மாணவர், இனித் தேர்வுக்குப் பணம் கட்டுவது வீண்தானோ என்று கேட்கிறார். பன்னிரண்டு வாரமும் குறைவில்லாமல் மதிப்பெண் வாங்கியும் சான்றிதழ் கிடைக்காத மற்றொருவர், தம்மைவிட மொத்தம் குறைந்த வகுப்புத் தோழருக்கு அது எப்படிக் கிடைத்தது என்று கேட்கிறார். இரண்டு கேள்விக்கும் விடை, மதிப்பெண் கணக்கிடும் முறையில் பலர் வாசிக்காமல் கடந்துபோகும் இரண்டு வரிகளில் இருக்கிறது.

அந்த வரிகளுக்குப் போவதற்கு முன், அறிவிப்புகளில் தாராளமாகப் புழங்கும் 'எப்போதும்', 'இலவசம்', 'சேர்க்கை' என்னும் மூன்று சொற்களின் உண்மையான அளவைத் தெரிந்துகொள்வது நல்லது. என்பிடெல் பாடங்களைத் தாங்கி நிற்கும் ஸ்வயம் தளம் 2017 ஜூலையில் தொடங்கப்பட்டபோது அணுகல், சமத்துவம், தரம் ஆகிய மூன்றும் அதன் நெறிகளாக அறிவிக்கப்பட்டன. எவரும், எங்கிருந்தும், எப்போதும் படிக்கலாம் என்றும் சொல்லப்பட்டது. இதில் 'எப்போதும்' என்பது காணொலியைப் பார்ப்பதற்கு மட்டுமே பொருந்தும், ஏனெனில் வாரந்தோறும் வரும் அசைன்மென்டுக்குக் கெடு உண்டு, கெடு கடந்தால் அந்த வாரத்தின் மதிப்பெண் போய்விடும். 'இலவசம்' என்பது பாடத்தில் சேர்வதற்கும் பார்ப்பதற்கும் உரிய சொல். சான்றிதழுக்கான தேர்வை, குறிப்பிட்ட மையத்துக்கு நேரில் சென்று, கண்காணிப்பாளர் முன்னிலையில் கணினியில் எழுத வேண்டும், அதற்குப் பாடமொன்றுக்கு 1,000 ரூபாய் என்பதே பல பருவங்களாக இருந்துவரும் கட்டணம். 'சேர்க்கை' என்று கோடிக்கணக்கில் காட்டப்படும் எண்ணோ, பதிவுப் பொத்தானை அழுத்தியவர்களின் எண்ணிக்கையே தவிர, படித்தவர்களின் எண்ணிக்கை அன்று.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை அமெரிக்காவின் எம்ஐடியும் ஹார்வர்டும் எட்எக்ஸ் தளத்தில் நடத்திய பாடங்களின் தரவு காட்டியது. 2012 முதல் 2018 வரையிலான அந்தத் தரவை ஆராய்ந்து ஜஸ்டின் ரைக், ஹோசே ருயிபெரெஸ்-வலியென்டே இருவரும் 2019இல் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையின்படி, பதிவு செய்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பாடத்துக்குள் நுழையவே இல்லை. 2017-18இல் பங்கேற்றோரில் முடித்தவர்கள் 3.13 விழுக்காடு. பணம் கட்டிச் சான்றிதழ் வழிக்கு மாறியவர்களிடையே மட்டும் அந்த அளவு 46 விழுக்காடாக இருந்தது. ஏழைகளுக்கும் தொலைவில் இருப்பவர்களுக்கும் வாய்ப்பைத் திறக்கும் என்று சொல்லப்பட்டு வந்த வடிவம், ஏற்கெனவே வசதியுள்ள நாடுகளில் இருப்போருக்கே கூடுதலாகப் பயன்பட்டது என்பதும் அவர்கள் கண்டது. ஆகவே, மாணவரின் வாழ்க்கை இடறும் இடத்தில் பாடத்தின் விதி என்ன செய்கிறது என்பதுதான் ஓர் இணையப் படிப்பை அளக்கச் சரியான கேள்வி. என்பிடெல்லின் அந்த இரண்டு வரிகள் அக்கறையோடு படிக்கத்தக்கவை ஆவதும் இதனால்தான்.

முதல் வரி, பன்னிரண்டு வாரப் பாடத்தில் தரப்படும் பன்னிரண்டு அசைன்மென்டுகளில் அதிக மதிப்பெண் பெற்ற எட்டின் சராசரியை மட்டும் எடுத்து அதை 25க்கு மாற்ற வேண்டும் என்கிறது. எட்டு வாரப் பாடமென்றால் சிறந்த ஆறு, நான்கு வாரமென்றால் சிறந்த மூன்று. இரண்டாம் வரி, நேரடித் தேர்வின் மதிப்பெண் 75க்கு மாற்றப்படும் என்றும், அசைன்மென்டில் 25க்கு 10, தேர்வில் 75க்கு 30 ஆகிய இரண்டு எல்லைகளையும் தனித்தனியே தொட்டவருக்கே சான்றிதழ் என்றும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த ஏற்பாட்டின் நுட்பம் தெரியும்.

சேர்க்கை தாமதமானதால் முதல் இரண்டு வாரங்களையும், கல்லூரியின் உள்தேர்வும் வீட்டு வேலையும் ஒன்றாக வந்து நெருக்கியதால் ஏழாம் எட்டாம் வாரங்களையும் ஒரு மாணவர் இழந்துவிட்டார் என்று கொள்வோம். எஞ்சிய எட்டு வாரங்களில் அவருடைய சராசரி 70 என்றால் அசைன்மென்டில் 17.5 கிடைக்கிறது; தேர்வில் நூற்றுக்கு 40 எடுத்தால் அது 30 ஆகிறது; மொத்தம் 47.5, சான்றிதழ் உண்டு. பன்னிரண்டு வாரமும் நூற்றுக்கு நூறு வாங்கி 25ஐ முழுமையாகப் பெற்ற இன்னொருவர் தேர்வில் 39 எடுத்தால் அது 29.25 ஆகிறது, மொத்தம் 54.25, ஆனால் சான்றிதழ் இல்லை. கடிதம் எழுதியவரின் வியப்புக்கு இதுவே விடை. விடுபட்ட வாரங்களை இந்த முறை மன்னிக்கிறது, தேர்வறையில் பாடம் தெரியாமல் போவதை மன்னிப்பதில்லை.

மன்னிப்பின் அளவும் பலர் நினைப்பதைவிடப் பெரியது. எட்டு அசைன்மென்டுகூட அனுப்பாதவருக்கு எஞ்சிய இடங்களில் சுழியம் சேர்த்தே சராசரி எடுக்கப்படும் என்றாலும், நான்கே வாரங்களில் எண்பது எண்பதாக வாங்கியவரின் 320 மதிப்பெண்ணை எட்டால் வகுத்தால் 40 வரும், அது 25க்குச் சரியாக 10. அதாவது பன்னிரண்டில் எட்டு வாரங்களை இழந்தவரும் கணக்கின்படி இன்னும் ஆட்டத்தில் இருக்கிறார். தேர்வுப் பதிவு பாடத்தின் நடுவில் முடிவதால், பணம் கட்டலாமா என்று தயங்குபவர் இதுவரை பெற்ற மதிப்பெண்களைக் கூட்டி, 320க்கு இன்னும் எவ்வளவு வேண்டும், அதற்கு எத்தனை வாரங்கள் மிச்சமிருக்கின்றன என்று பார்த்தாலே போதும்.

இதைக் கல்லூரிகளில் நடப்பிலுள்ள வருகைப்பதிவு விதியோடு ஒப்பிட்டால், இதன் மதிப்பு மதிப்பெண்ணைத் தாண்டியது என்பது விளங்கும். வருகை 75 விழுக்காட்டுக்குக் கீழே குறைந்த மாணவர் மருத்துவச் சான்றிதழைக் காட்டி, துறைத்தலைவர் முன் நின்று காரணம் சொல்லி, மாணவர் வழக்கில் கண்டொனேஷன் எனப்படும் விலக்குக்குப் பணமும் கட்ட நேர்கிறது. வீட்டின் நெருக்கடியை, உடல்நிலையை, கூலி வேலைக்குப் போன நாட்களை அந்நியர் முன் விளக்க வேண்டியிருக்கிறது. 'சிறந்த எட்டு' யாரிடமும் காரணம் கேட்பதில்லை. மாதவிடாய் வலியால் படுத்திருந்த மாணவிக்கும், அறுவடை வாரத்தில் கைப்பேசியைத் தொட முடியாதவருக்கும், மனம் சோர்ந்து எதையும் திறக்காதவருக்கும் அது ஒரே விதமாக இடம் விடுகிறது. பலதரப்பட்ட மாணவர்களை ஈர்க்கும் தொழில்நுட்பம் என்று மேடைகளில் பேசப்படும் பெரிய கருவிகளைவிட, ஒரு கூட்டல் வகுத்தலில் அடங்கிய இந்தச் சிறு விதி அவர்களுக்குச் செய்வது அதிகம்.

ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவு இடம் விடுவது சமத்துவம் ஆகிவிடாது என்பதையும் இதே விதி காட்டுகிறது. தடையேதும் இல்லாத மாணவர் பன்னிரண்டையும் அனுப்பி, மோசமான நான்கைக் கழித்துக்கொள்கிறார். தடைகளால் நான்கை இழந்தவருக்கோ, எழுதிய எட்டில் சறுக்கியவையும் கணக்கில் ஏறுகின்றன. எட்டு வாரம் 90, நான்கு வாரம் 50 என்று வாங்கக்கூடிய ஒரே திறமுள்ள இருவரில், முதலாமவருக்கு 25க்கு 22.5 கிடைக்கும், இரண்டாமவர் இழந்த நான்கில் இரண்டு நன்றாக எழுதியிருக்கக்கூடிய வாரங்கள் என்றால் அவருடைய சராசரி 80ஆகக் குறைந்து, 20 மட்டுமே வரும். சான்றிதழில் 60க்கு 'எலைட்', 75க்கு 'எலைட் சில்வர்', 90க்கு 'எலைட் கோல்டு' என்று தரம் பிரிக்கப்படுவதால், இந்த இரண்டரை மதிப்பெண் எல்லைக்கு அருகில் நிற்பவரை ஒரு படி கீழே தள்ளப் போதுமானது. விதி அவரை வெளியேற்றவில்லை என்பது உண்மை. இருவருக்கும் இடையிலான இடைவெளியை அது மூடவுமில்லை.

அசைன்மென்டுகளில் பெரும்பாலானவை கொள்குறி வினாக்கள், அதாவது தரப்பட்ட விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவை என்பதால், கெடுவுக்கு முன்பே விடைகள் யூடியூபிலும் டெலிகிராமிலும் சுற்றுவது மாணவர் அனைவரும் அறிந்தது. 25 மதிப்பெண்ணின் நம்பகத்தன்மை இதனால் கரைவதே தேர்வுக்குத் தனி எல்லை வேண்டியிருப்பதற்கு வலுவான நியாயம். ஆனால் இந்த ஏற்பாட்டின் விளைவு கவலைக்குரியது. மன்னிக்கும் தன்மையெல்லாம் கால்பங்கு மதிப்பெண்ணில் குவிந்திருக்க, முக்கால்பங்கு ஒரே நாளின் ஒரே அமர்வில் தங்கிவிடுகிறது; அந்த அமர்வுக்கு 'சிறந்த எட்டு' போன்ற கணக்கு ஏதுமில்லை. வாரந்தோறும் இடறியவரைத் தாங்கிய ஏற்பாடு, தேர்வன்று பேருந்து தவறியவரைத் தாங்குவதில்லை. வெளியே பரவ முடியாதபடி, மாணவருக்கு மாணவர் எண்களும் சூழலும் மாறும் வினாக்களை வாரப் பணியில் தருவது இன்று கணினிக்கு எளிய வேலை. அதைச் செய்து தேர்வின் பங்கைக் குறைப்பதில்தான் புதிய தொழில்நுட்பத்துக்குச் செலவிடும் உழைப்பு முதலில் போயிருக்க வேண்டும்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமான விடை போதும். ஸ்வயம் தளத்தின் எல்லாப் பாடங்களுக்கும் இதே விதியா என்றால், இல்லை. தேசியத் தேர்வு முகமை தேர்வு நடத்தும் பாடங்களில் பங்கீடு 30க்கு 70, என்பிடெல்லிலும் நிரலெழுதும் பாடங்கள் சிலவற்றின் கணக்கு வேறு, ஆகவே அந்தந்தப் பாடத்தின் முகப்புப் பக்கத்தை வாசிக்க வேண்டும்.

கல்லூரி இந்த மதிப்பெண்ணை ஏற்குமா? ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியே படிக்கப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 விதிமுறை இடம் தருகிறது. எந்தப் பாடத்தை ஏற்பது என்பதைக் கல்வி நிறுவனமே முடிவு செய்யும், எனவே பணம் கட்டுவதற்கு முன் துறையில் கேட்க வேண்டும்.

தமிழில் படிக்கலாமா? விரிவுரைகளின் எழுத்துவடிவம் பல பாடங்களுக்கு இயந்திர மொழிபெயர்ப்பின் துணையோடு தமிழிலும் கிடைக்கிறது. தேர்வு வினாக்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வருகின்றன, இந்த முரணை அறிவிப்புகள் பேசுவதில்லை.

இணையம் சீராக இல்லாதவருக்கு? ஸ்வயம் பிரபா டிடிஎச் அலைவரிசைகளில் பாடங்களைப் பார்க்கலாம், ஆனால் அசைன்மென்ட் அனுப்ப இணையம் வேண்டும்.

கட்டணச் சலுகை உண்டா? பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும் 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் என்பிடெல் தேர்வுக் கட்டணம் பாதி. அதற்கான சான்றிதழைத் தேர்வுக்குப் பதிவு செய்யும்போதே கையில் வைத்திருக்க வேண்டும்.